புல்லும் மரமும்
(எல்லையோரச் சிற்றூர்களின் வீட்டு வரலாறு)

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ஒரு பழம்பெரும் பிலாமரத்தின் பட்ட உடல் காக்கப்பட்டு வருகிறது. பலாவைத் தென்திருவிதாங்கூர் மக்கள் பிலா என்றே வழங்குவர். அம்மரத்திற்கு அம்மச்சிப் பிலா என்று பெயர். எட்டுவீட்டுப் பிள்ளைமார் தேடித் துரத்திய காலத்தில் இளவரசர் மார்த்தாண்ட வர்மர் இதன் பொந்தினுள் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பதும், 1729-இல் அரியணை ஏறிய பின் நன்றியுணர்வால் இங்குக் கோயில் எடுப்பித்தார் என்பதும் செவிவழிச் செய்தி. செவிவழிச் செய்தியை வரலாறாகக் கொள்வதற்கில்லை. எனினும் மக்கள் எதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பினர் என்பதை அது காட்டும். ஒரு நாட்டின் அரசனுக்கு ஓர் இரவு வீடாக இருந்தது ஒரு குடியானவனின் மரம் என்பதே அந்நினைவு.

அரசன் பிழைத்தான், அரண்மனை எழுந்தது, கோயிலும் எழுந்தது. அந்தப் பிலாமரத்தைப் போன்ற மரங்களைத் தம் புரையிடத்தில் நட்டு வளர்த்த மக்களுக்கு, அம்மரங்களைக் கொண்டே நல்லதொரு வீடு கட்டிக்கொள்ள எத்தனை காலம் ஆயிற்று? எல்லையோர ஊர்களைக் குறித்து எழுதுவோர் மொழிப் போராட்டத்தையும் தாலுகாப் பிரிவினையையும் எழுதியிருக்கின்றனர். வீட்டின் வரலாற்றை எழுதியவர் குறைவு. அயலூர்களில் வாடகைக் கூரையின்கீழ் வாழும் நம்மனோர்க்கு இவ்வரலாறு உவப்பளிக்கும் என்று கருதுகின்றேன்.

இன்று பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை ஓடுகிறது. 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கிடைக்கவில்லை. பாறசாலை, காரோடு, குளத்தூர், குன்னத்துகால், வெள்ளறடை ஆகிய ஊர்கள் அப்பாலேயே நின்றன. ஆனால் மரங்களுக்கு இச்செய்தி எட்டவில்லை போலும். எல்லைக்கு இருபுறமும் ஒரே செம்மண், ஒரே பிலா, ஒரே அயினி, ஒரே பனை. ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: பனச்சமூடு, பிலாமூட்டுக்கடை, காஞ்சிரங்குளம். மரத்தின் அடியை 'மூடு' என்பது குமரித் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான வழக்கு. ஒரு பனையின் மூட்டில் தொடங்கிய ஊர் இன்று இரண்டு மாநிலங்களின் சந்தியாக நிற்கிறது.

மரங்களைப் பற்றிப் பேசப் புகுமுன் நம் இலக்கணப் பேராசான் வகுத்த ஒரு பாகுபாட்டை நினைவுகூர்வது பொருந்தும். தொல்காப்பியம் மரபியலில், வெளிப்புறத்தே வைரம் உடையவற்றைப் புல்லினம் என்றும், உட்புறத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் பிரித்துரைப்பார் தொல்காப்பியர். அவ்வகையில் பனையும் தென்னையும் மூங்கிலும் கமுகும் புல். பிலாவும் அயினியும் தேக்கும் மரம். இது செடிநூலார் இன்று கூறும் பாகுபாட்டோடும் பெரும்பாலும் ஒத்துப்போவது வியப்பு. அதனினும் வியப்பு ஒன்று உண்டு. இப்பகுதியின் பழைய வீடுகளை நோக்குமிடத்து, ஏழையின் வீடு புல்லால் ஆனது, செல்வனின் வீடு மரத்தால் ஆனது என்று ஏறக்குறைய ஒரு கோடு போட்டுவிடலாம். இலக்கணம் வகுத்த கோட்டின் மேலேயே சமுதாயமும் தன் கோட்டைக் கீறியிருக்கிறது.

முதலில் புல்லைப் பார்ப்போம். ஏழையின் புரைக்குப் பனையே எல்லாமாக இருந்தது. கூரைக்கு ஓலை, கட்டுவதற்கு நார், கைமரத்துக்குத் தடி, தடுப்புக்கு மட்டை. முதிர்ந்த பனையின் அடிப்பகுதியில் கறுத்துத் திரண்ட வெளிவைரம் இரும்பையொத்த உறுதியுடையது. நடுவே இருப்பது நாரும் சோறும். அதனை அகற்றிவிட்டு வெளிவைரத்தை நீளவாக்கில் பிளந்து எடுத்தால் பனங்கை கிடைக்கும். இளம்பனையை வெட்டினால் பயனில்லை. முதிர முதிரவே வைரம் வெளியிலிருந்து உள்நோக்கிப் பாயும். ஆகவே பாட்டன் நட்ட பனை பேரனுக்கே விட்டமாகும். வெட்டிய தடியைக் குளத்துச் சேற்றில் பல மாதம் ஊறப்போட்டு எடுப்பதும், தேய்பிறையில் வெட்டுவதும் பழைய வழக்கங்கள். ஊறப்போடுவதன் காரணம் எளிது: பூச்சி விரும்பும் மாவுச்சத்தும் சர்க்கரையும் நீரில் கரைந்து வெளியேறுகின்றன. தேய்பிறைக் கணக்கை ஆசாரிமார் இன்றும் விடுவதில்லை. அதனை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.

தென்னையும் அவ்வாறே. காய்ப்பு ஓய்ந்த முதிய தென்னையின் அடித்தடியில் வெளிவட்டம் மட்டுமே கட்டடத்துக்கு ஏற்றது. நுனிப்பகுதியும் நடுப்பகுதியும் அடுப்புக்கே உரியன. அறுக்கும் வாளின் பல்லை இது விரைவில் மழுங்கச் செய்துவிடும் என்பது மரமில் வைத்திருப்போரின் நிரந்தரக் குறை.

இனி மரம். புரையிடங்களில் தானே முளைத்துத் தானே வளரும் இரண்டு மரங்கள் பிலாவும் அயினியும். மலையாளத்தில் ஆஞ்ஞிலி எனப்படும் அயினி, பிலாவுக்கு உடன்பிறப்பு முறையானது. காகமும் அணிலும் பழத்தைத் தின்று கொட்டையைப் போட்ட இடத்தில் முளைக்கும். நட்டவர் பெயர் எவருக்கும் தெரியாது. நீரிலும் வெயிலிலும் அழுகாத தன்மையால் ஓடமும் சுண்டன் வள்ளமும் இதில்தான் கட்டுவர். கறையானும் எளிதில் அணுகாது. பிலாவின் வைரமோ மஞ்சளாக இருந்து ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பாக முதிரும். கதவு, நிலை, அறைப்பெட்டி, உரல், வீணை எல்லாவற்றுக்கும் ஏற்றது. பழம் தந்து, இலையால் ஆட்டை வளர்த்து, இறுதியில் வீட்டின் வாயிலாக நிற்கும் மரம் அது ஒன்றே.

பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றோர் தாய்க்கொட்டாரத்தின் ஏகாந்த மண்டபத்தில் ஒரே பிலாமரத்தில் செதுக்கிய தூணைக் கண்டிருப்பர். மலர்களும் கொடிகளும் அதில் ஓடும் நேர்த்தியைக் கண்டோர் இது பழம் காய்த்த மரந்தானா என்று ஐயுறுவர். அந்த அரண்மனை இன்று நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். பேணுவது கேரளத் தொல்லியல் துறை. இருமாநிலத்துக்கும் பொதுச்சொத்தாக ஒரு மரவீடு நிற்பது நல்லதே.

பெயரிலேயே பிறந்த வேற்றுமை

மரம் இருந்தது, மரமறிந்த ஆசாரியும் இருந்தான். பின் ஏன் ஏழைக்கு வீடில்லை? விடையை வீட்டின் பெயரிலிருந்தே தொடங்கலாம்.

1887-இல் வெளிவந்த மலபார் மானுவலில் வில்லியம் லோகன் ஒரு செய்தியைக் குறித்துள்ளார். ஒரே வகைக் குடியிருப்பானாலும் அதில் வாழ்பவன் இன்ன சாதி என்பதற்கேற்ப அதன் பெயர் மாறும். புலையரது சாளை, கொல்லரும் தச்சரும் கள்ளிறக்குவோரும் வாழ்வது புரை அல்லது குடி, நாயரது வீடு, நம்பூதிரியினது இல்லம் அல்லது மனை, அரசரது கோவிலகம் அல்லது கொட்டாரம். லோகன் எழுதியது மலபாரைப் பற்றியதாயினும் திருவிதாங்கூரிலும் முறை இதுவே. நம் தமிழில் 'வீடு' என்ற சொல்லுக்கு விடுதலை என்றும் பொருளுண்டு. எல்லோர்க்கும் கிட்டக்கூடாது என்று ஒரு சொல்லையே அடைத்து வைத்த நாடு வேறு எங்கேனும் உண்டோ, அறியேன்.

பெயரோடு நிற்கவில்லை. பாறசாலையில் இலண்டன் மிஷனுக்கு ஒரு நிலையம் இருந்தது. திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அம்மிஷனின் சாமுவேல் மெட்டீர் 1871-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலில், நாடார் முதலிய மக்கள் மீது இருந்த தடைகளைத் தொகுத்துரைக்கிறார். குடை பிடித்தல், செருப்பு அணிதல், பொன் நகை பூணுதல் ஆகியவற்றோடு ஒரு நிலைக்கு மேற்பட்ட உயரமுள்ள வீடு கட்டுதலும் அத்தடைகளுள் அடங்கும். தோள்சீலைக்கான உரிமைப் போராட்டத்தை நாம் அறிவோம். 1859 ஜூலை 26-இல் அரசாணை பிறந்ததையும் அறிவோம். உடலை மறைக்கும் உரிமையைப் போலவே குடும்பத்தை மறைக்கும் கூரைக்கும் தடை இருந்தது என்பதை நாம் அத்துணை நினைப்பதில்லை.

பனையேறியின் நிலையை எண்ணுங்கள். ஏறும் பனைக்கு வரி. ஏறுவதற்கான ஏணிக்கும் தளைநாருக்கும் தனித்தனியே வரி. தோட்டங்களில் தென்னை, பனை, கமுகு, பிலா என்று மரங்களை எண்ணி வரி விதித்த முறை, 1946-இல் நிலப்பரப்பின் அளவில் அடிப்படை வரி வரும்வரை பல வடிவங்களில் நீடித்தது. ஊழியம் என்ற பெயரில் கூலியில்லா வேலை வேறு. சர்க்காரின் ஓலைக்கணக்குகளுக்கு வேண்டிய ஓலையும் பனையேறிகளின் உழைப்பிலிருந்தே போயிற்று. அவனை அடக்கி எழுதிய ஆணைகளும் அவன் வெட்டிக் கொடுத்த ஓலையில்தான் எழுதப்பட்டன.

வைரமரத்திலோ அரசின் கை நேரடியாகவே இருந்தது. தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை இராஜமரங்கள். அவை காட்டில் நின்றாலும் குடியானவனின் தோட்டத்தில் நின்றாலும் சர்க்காருக்கே உரியன. தன் முற்றத்தில் தானே வளர்ந்த தேக்குக் கன்றைக் கண்டால் உழவன் மகிழ்வதற்கு மாறாக அஞ்சுவான். பிடுங்கி எறிந்துவிட்டால் தொல்லையில்லை என்று எண்ணுவான். காட்டை வளர்க்க எழுந்த சட்டம் வீட்டு முற்றத்தில் மரம் வளர்வதைத் தடுத்தது. திருவிதாங்கூர்க் காடுகளைப் பற்றி 1893-இல் அறிக்கை எழுதிய போர்தில்லன் என்னும் வன அதிகாரி, 1908-இல் அந்நாட்டு மரங்களைப் பற்றி அருமையான நூலொன்றும் எழுதினார். மரங்களின் தன்மை அனைத்தும் சர்க்காருக்குத் தெரிந்திருந்தது. அவற்றைக் கொண்டு ஏழைக்கு ஒரு வீடு கட்டலாம் என்ற எண்ணமே இல்லாதிருந்தது.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளியை இங்கே குறிப்பிடாமல் செல்லலாகாது. வில்வண்டியில் பொதுவீதியில் சென்ற வீரராக அவரை அனைவரும் அறிவர். ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக அமர்ந்தபோது அவர் திரும்பத் திரும்ப எழுப்பிய கோரிக்கைகளுள் ஒன்று, தம் மக்களுக்குக் குடியிருக்கப் புதுவல் நிலம் வேண்டும் என்பது. வயல்வரம்பில் ஓலைச்சாளையில் கிடந்த மக்களுக்கு முதல் தேவை மரமன்று, மரம் நிற்க இடம் என்பதை அவர் சரியாகவே கண்டார்.

ஓட்டின் வரவு

1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை, மேற்குக் கடற்கரையின் கூரைகளையெல்லாம் மெல்ல மெல்லச் சிவக்க வைத்தது. பின்னர்க் கொல்லத்திலும் ஓட்டுச் சூளைகள் எழுந்தன. ஓலைக்கூரை மலிவு என்பது பாதி உண்மை. ஆண்டுதோறும் புதிதாக வேய வேண்டும். ஒரு மழை பொய்க்காமல் பெய்தால் ஒழுகும். ஒரு பொறி போதும், தெருவே எரிந்துவிடும். ஓட்டுக்கு ஒருமுறை செலவு. ஆனால் ஓடு கனமானது. அதைத் தாங்கக் கழுக்கோலும் பட்டியலும் வளையாதனவாக வேண்டும். அங்கேதான் பழைய புல்லும் பழைய மரமும் ஒரே கூரையில் கூடின. நடுத்தரக் குடும்பங்கள் விட்டத்துக்கு அயினி, கழுக்கோலுக்குப் பனை அல்லது தென்னை, நிலைக்கும் கதவுக்கும் பிலா என்று கட்டிக்கொண்டன. கிணற்று மேட்டிலிருந்து நோக்கினால் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே வீட்டுக்கு வேண்டிய மரம் அத்தனையும் நின்றது. எல்லையோரத்தில் இன்றும் இடிபடாமல் எஞ்சியுள்ள பழைய ஓட்டுவீடுகள் பலவும் இவ்வகையினவே. வெயிற்காலத்தில் உச்சிப் பொழுதிலும் அவற்றின் உள்ளே குளிர்ந்திருக்கும் என்பதை அங்குப் பிறந்தோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் இது நிலமுடையோரின் கதை. குடிகிடப்புக்காரன் எனப்பட்டவன் பிறர் மண்ணில் புரை போட்டிருந்தான். அவன் பாதுகாத்து வளர்த்த பிலாவையும் நிலமுடையானின் இசைவின்றி வெட்ட அவனால் இயலாது. உடையவன் ஒருநாள் கோபித்தால் புரையும் போகும், பிலாவும் போகும். நாளை இருப்போமோ என்று அறியாதவன் நூறாண்டு நிற்கும் விட்டத்தை ஏன் ஏற்றுவான்? ஓலையே அவனுக்கு அறிவுடைமை.

இந்நிலை மாறியது 1970-இல். கேரள நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் 1969-ஆம் ஆண்டுத் திருத்தம் 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாயத்துப் பகுதிகளில் குடிகிடப்புக்காரனுக்குப் பத்து சென்ட் நிலம் வரை உரிமையாயிற்று. எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டிலும் 1971-இல் குடியிருப்பு உரிமைச் சட்டம் பிறந்தது. சட்டநூல்களில் உலர்ந்த சொற்களாகக் கிடக்கும் இவ்விரண்டையும் இப்பகுதியின் வீட்டு வரலாற்றில் முதன்மையானவையாக நான் கருதுகின்றேன். பத்து சென்ட் என்பது பெரிய நிலமன்று. ஆனால் இரண்டு தென்னை, ஒரு பிலா, வேலியோரம் ஓர் அயினி நிற்க அது போதும். முதன்முதலாக அம்மரங்களின் நிழலும் தடியும் ஒருவனுக்கே உரியவாயின.

1972-இல் அச்சுத மேனன் அமைச்சரவையில் வீட்டுவசதி அமைச்சராக இருந்த எம். என். கோவிந்தன் நாயர் தொடங்கிய ஒரு லட்சம் வீடுகள் திட்டம் இதனைத் தொடர்ந்தது. பஞ்சாயத்துக்கு நூறு வீடு என்பது கணக்கு. ஒரே சுவரைப் பொதுவாகக் கொண்ட இரட்டை வீடுகள். மாணவர்களும் ஊராரும் கூடி மண் சுமந்து கட்டியவை. குறைகள் இருந்தன. ஒரு சுவரின் இருபுறம் இரு குடும்பம் என்பதால், ஒருவர் புதுப்பிக்க விரும்பினும் மற்றவர் விரும்பாவிடில் முட்டி நின்றது. இருப்பினும் சாளையில் பிறந்தவன் 'வீடு' என்ற சொல்லுக்குள் சட்டப்படி குடிபுகுந்தது அப்போதுதான்.

ஐந்து மைல்

அதே காலத்தில் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் ஓர் ஆங்கிலேயர் குடியேறியிருந்தார். லாரி பேக்கர் (1917–2007) என்னும் அக்கட்டடக் கலைஞர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்ததையும், நல்ல வீட்டுக்கு வேண்டிய பொருள் யாவும் அவ்வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று அடிகள் கூறியதையும் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். உள்ளூர் வளர்ச்சி ஆய்வு மையக் கட்டடங்கள் உட்பட அவர் கட்டியவை பல. 1985-இல் அச்சுத மேனனைத் தலைவராகக் கொண்டு உருவான காஸ்ட்போர்டு என்னும் அமைப்பு அவருடைய முறையை மலிவு வீடுகளுக்குக் கொண்டு சென்றது.

பேக்கரைப் போற்றுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவர் மரத்தை ஏராளமாகப் பயன்படுத்தச் சொன்னவரல்லர், குறைக்கச் சொன்னவர். சன்னலுக்கு ஆகும் செலவு அது நிற்கும் அளவுச் சுவரைப் போலப் பல மடங்கு என்று கணக்கிட்டு, செங்கல் இடையே துளைவிட்டு அடுக்கிய வலைச்சுவரை வைத்தார். கதவுக்கு நிலையே இல்லாமல் சுவரிலேயே கீல் பொருத்தினார். காட்டுமரம் விலையேறியிருந்த காலத்தில் அது நேர்மையான கணக்கு. ஆனால் ஐந்து மைல் என்ற அளவுகோலைப் பாறசாலையில் வைத்துப் பார்ப்போமாயின் கணக்கு சற்று வேறாகும். அங்கே காடு இல்லை. வீட்டுத் தோட்டமே காடு. கேரளத்தில் அறுபடும் மரத்தில் பெரும்பங்கு அரசுக் காடுகளிலிருந்து வருவதன்று, வீட்டு வளாகங்களிலிருந்து வருவதே என்று பீச்சியில் 1975-இல் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. 2005-இல் கேரளம் இயற்றிய சட்டம், காடல்லாத நிலங்களில் சந்தனம் முதலிய சிலவற்றைத் தவிர்த்து, தான் வளர்த்த மரத்தைத் தான் வெட்டும் உரிமையைப் பெரிதும் எளிதாக்கியது. இராஜமரத்தின் நிழல் விலக இத்தனை காலமாயிற்று.

இதற்கிடையே தோட்டத்துள் ஒரு புதியவர் வந்து அமர்ந்துவிட்டார். வெள்ளறடையிலும் விளவங்கோட்டிலும் மேட்டுநிலங்களை ரப்பர் பற்றிக்கொண்டது. அயினிகள் பல அதற்காகவே வெட்டுண்டன. ரப்பர் மரத்தில் இருபத்தைந்து, முப்பதாண்டு பால் வடித்தபின் மறுநடவுக்காக அதனை வெட்டியே ஆக வேண்டும். முன்னாளில் அத்தடி விறகாகவும் பெட்டிப் பலகையாகவும் போயிற்று. வெட்டிய சில நாளிலேயே பூஞ்சையும் வண்டும் பற்றும் என்பதே காரணம். போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றிப் பின் உலர்த்தினால் அதே தடி கதவாகவும் மச்சாகவும் மேசையாகவும் நிற்கிறது. மழை படும் இடத்துக்கும் கூரைச் சுமைக்கும் அதனை நம்புவதற்கில்லை. உள்வேலைக்கு அது போதும். பாலுக்காக வளர்த்து எப்படியும் வெட்ட வேண்டிய மரத்தைக் கொள்வதால், வீட்டுக்கென்று காட்டில் ஒரு மரமும் விழ வேண்டியதில்லை. கூரைக்கு முதிய தென்னையும் பனையும், வாயிலுக்குப் பிலா, உள்ளே பதப்படுத்திய ரப்பர்த்தடி என்று ஒரு சிறுவீட்டை எண்ணிப் பார்க்கத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெட்டிய ஒன்றுக்கு இரண்டு நடுதல் வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். பனைக்கு மட்டும் விலக்கு உண்டு. அது தமிழ்நாட்டின் மாநில மரம்; அதனை வெட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. அருகிவரும் பனைக்கு அது வேண்டுவதே. விழுந்ததையும் பட்டதையும் கொள்வதோடு நாம் அமைவோம்.

உலகமும் இத்திசையில் திரும்பிக்கொண்டிருக்கிறது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7, 8 விழுக்காடு சிமென்டுத் தொழிலிலிருந்து எழுவது. வளரும்போது மரம் காற்றிலிருந்து எடுத்த கரியோ வீடு நிற்கும் வரை விட்டத்திலேயே தங்கிவிடும். நார்வேயின் புருமுண்டால் என்னும் சிற்றூரில் 2019-இல் பதினெட்டு மாடிகளை மரத்தாலேயே எழுப்பிவிட்டனர். பிலிப்பைன்சிலோ தென்னந்தடியை வீட்டுக்குப் பயன்படுத்தும் முயற்சி எழுபதுகளிலேயே வலுப்பெற்றது. ஆனால் அங்கு அதன் புகழ்பெற்ற சின்னமாக எழுந்தது ஏழைக் குடிலன்று. அதிபர் மார்க்கோசின் மனைவி மணிலாவில் கட்டிய தென்னை அரண்மனை. 1981-இல் போப்பாண்டவரைத் தங்க வைக்க நினைத்தனர். வறியோர் நிறைந்த நாட்டில் இத்தகைய ஆடம்பரத்தில் தங்கேன் என்று அவர் மறுத்தார் என்பர். புல்லையும் மன்னர்கள் விட்டுவைப்பதில்லை.

இனி அரசு ஏட்டுக்கு வருவோம். கோப்புகளோடு வாழ்பவனாதலால் இது என் கண்ணில் பட்டது. நம் நாட்டின் மாதிரி ஆய்வுகள் வீடுகளை 'பக்கா' என்றும் 'கச்சா' என்றும் பிரிக்கின்றன. செங்கல், கல், சிமென்டு ஆகியவற்றோடு மரப்பலகையும் பக்காப் பொருளின் பட்டியலில் இருக்கிறது. ஓலை, புல், மூங்கில், மண் ஆகியவை கச்சா. தொல்காப்பியர் கீறிய கோடு அங்கேயும் ஏறத்தாழ அப்படியே நிற்கக் காணலாம். ஆக, மரவீடு உறுதியற்றது என்று அரசு எங்கும் சொல்லவில்லை. அவ்வாறு எண்ணிக்கொண்டவர்கள் நாமே. ஓலைப்புரையின் இழிவைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவனுக்குக் கான்கிரீட் தளம் வெறுங்கூரையன்று, தலைநிமிர்வு. அவனை நோக்கி மரத்தின் குளுமையைப் பேசுவோர் முதலில் இதனை உணர்தல் வேண்டும். ஒரு நிலைக்கு மேல் கட்டாதே என்று தடுக்கப்பட்டவனின் பேரன் மொட்டைமாடிக்கு ஆசைப்படுவதில் என்ன பிழை?

அந்த ஆசைக்கு விலை மட்டும் ஐந்து மைலுக்கு அப்பாலிருந்து வருகிறது. குமரி மாவட்டத்து மலைகளின் கல்லும் எம்-சாண்டும் இரவும் பகலும் களியக்காவிளை வழியே வடக்கு நோக்கிச் செல்கின்றன. 2015 இறுதியில் பணி தொடங்கி 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைதடுப்புக்கும் எல்லை கடந்து கல் போயிற்று. விழிஞ்ஞமும் பழைய நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடற்கரையே. மொழியால் பிரித்த எல்லையைக் கல் மதிப்பதில்லை.

எல்லைக்கு அப்பால் 2016-இல் தொடங்கிய லைப் மிஷன் வீட்டுக்குப் பொதுவாக 4 லட்ச ரூபாய். இப்பால் 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லத்தில் 3.5 லட்ச ரூபாய். 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் என்பது விதி. 2030-க்குள் தமிழ்நாட்டில் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. இம்மதிப்பீடுகளில் மரத்துக்குக் கிடைக்கும் இடம் கதவும் சன்னலும் அளவே. அத்தொகைக்குள் அடங்காமல் அடித்தளத்தோடு நின்றுபோன வீடுகளையும், மூலையில் அறுப்புக்கு ஆளின்றி நிற்கும் முதிய அயினியையும் ஒரே வளாகத்தில் காண நேர்வதே இன்றைய முரண். மரத்தை விற்றுக் கம்பி வாங்குகின்றனர். அம்மரமோ வேறோர் ஊரின் செல்வந்தர் வீட்டு மாடிப்படியாக மாறுகிறது. பழைய வீட்டை இடிப்போரிடம் விட்டத்தையும் தட்டையும் மலிவாக வாங்கி அயலூர் விடுதிகளுக்கு விற்கும் வாணிகமும் செழிக்கிறது. உளியும் கொட்டாப்புளியும் பிடித்த ஆசாரிமாரின் மக்களில் பலர் வளைகுடாவுக்குச் சென்று கான்கிரீட்டுக்குப் பலகையடைக்கின்றனர்.

எனினும் ஒரு வழக்கம் மட்டும் இருபுறமும் விடவில்லை. தளம் கான்கிரீட்டாயினும், சுவர் சிமென்டுக் கல்லாயினும், முன்வாயிலின் நிலை மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று கேட்கின்றனர். அதுவும் கூடுமானால் சொந்தப் பிலாவில். நல்ல நாள் பார்த்து, ஆசாரிக்கு வேட்டியும் வெற்றிலையும் வைத்து, நிலையை நிறுத்துகின்றனர். பாறசாலையில் அதனைக் கட்டிளவைப்பு என்பர். களியக்காவிளையில் நிலைவைப்பு என்பர்.